ரப்பர் கடல்நாய்க்குக் காய்ச்சல்

"நிஜக் கடல்நாய் ஒண்ணு இருமுதுங்க, என் காதால கேட்டேன், அந்தப் பெரிய பாறைக்கு..."

"இருமல் நாலாவது கட்டம்மா. நீங்க முதல் கட்டத்துலயே தடுமாறுறீங்க. 'ஐயா, கடற்கரையில் ஒரு விலங்கு'..."

"...பாறைக்குப் பின்னால, மூக்குல சளி ஒழுகிக்கிட்டு..."

"...'அசைவற்றுக் கிடக்கிறது.' அதைச் சொல்லுங்க முதல்ல."

"அசையுதே."

"அசையக் கூடாது."

சாவியக்கா பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குளிக்க வருகிறவர்கள் உடை மாற்றிக்கொள்ளும் மரத் தடுப்பறைகளின் சாவிகள் அத்தனையும் அவள் இடுப்பில் தொங்குவதால் அந்தப் பெயர். எதிரில் நின்று அதட்டிக்கொண்டிருந்தவர் கடல் விலங்கு நோய்த் தடுப்பு மையத்தின் ஒத்திகை ஒருங்கிணைப்பாளர். கழுத்தில் விசில், மார்பில் அட்டை, முகத்தில் கல்யாண வீட்டில் சமையல்காரர் வராத கவலை.

அன்று மையத்தின் வருடாந்திர ஒத்திகை. கடல்நாய்களுக்குத் தொற்றுநோய் வந்துவிட்டால் மையம் எப்படிப் பாய்ந்தோடி வரும் என்பதை மையம் மையத்துக்கே செய்துகாட்டும் நாள். நோயாளியாக நடிப்பதற்கு ஒரு ரப்பர் கடல்நாய் இருந்தது. நோயாளியை முதலில் பார்த்துப் பதறிப் போய்த் தொலைபேசியில் தகவல் சொல்லும் 'பொதுமக்கள்' வேடம் சாவியக்காவுக்கு. போன வருடம் அதை ஐஸ் விற்கிறவர் செய்தார். பதற்றம் போதவில்லை என்று கழித்துவிட்டார்கள்.

"சார், நீங்க என்னைப் பதறச் சொல்றீங்க. நான் நிஜமாவே பதறிட்டு இருக்கேன். போன வாரம் பூரா கடல்நாய்ங்க கரையில செத்துக் கிடந்துச்சே, பார்க்கலையா நீங்க?"

"பார்த்தோமே. அதான் லாரி வெச்சு அள்ளிட்டோம். விருந்தினர் வர்ற இடம், துப்புரவா இருக்க வேண்டாமா?"

"எதுல செத்துச்சுன்னு பார்த்தீங்களா?"

"பரிசோதனைப் பெட்டி ஒண்ணுதாம்மா இருக்கு. இன்னிக்கு ஒத்திகைக்குன்னு மூடி போட்டு வெச்சிருக்கோம். நடுவுல திறந்தா ஒத்திகைக்கு என்ன செய்வோம்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

தடுப்பறைகளின் ஓரத்தில் கவிழ்த்துப் போட்ட படகின்மேல் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார் அவள் வீட்டுக்காரர். படகு மோட்டார் பழுது பார்க்கிறவர். எதையும் கழற்றிப் பார்த்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். "இந்தா, அவர் சொல்றதையே சொல்லித் தொலையேன். ஆளுங்க வந்தப்புறம் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டு. வண்டி வந்துட்டா அப்புறம் எது நோயாளின்னு அதுக்கே தெரியும்."

அது சரியான யோசனையாகத்தான் பட்டது. மையத்தை அவர் இன்னும் கழற்றிப் பார்க்கவில்லை.

விசில் ஊதினார்கள். சாவியக்கா தொலைபேசியை எடுத்தாள். அவள் அழைத்த மேசை கூப்பிடு தூரத்தில், கூடாரத்துக்குக் கீழே இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவன் அவளைப் பார்த்துக் கையசைத்துவிட்டு எடுத்தான்.

"கடல் விலங்கு நோய்த் தடுப்பு மையம், வணக்கம்."

"ஐயா, கடற்கரையில் ஒரு விலங்கு அசைவற்றுக் கிடக்கிறது." மூச்சு விட்டுக்கொண்டாள். மனசு கேட்கவில்லை. "இது வேற. இன்னொண்ணு நிஜமா கிடக்கு தம்பி. கண்ணு ரெண்டும் வீங்கி, மூச்சு வாங்குது. பாறைக்குப் பின்னால. கும்பிட்டுக் கேக்கிறேன், சீக்கிரம் வரச் சொல்லு."

அவன் தணிந்த குரலில், "அக்கா, பின்னிட்டீங்க. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு" என்றான்.

சைரன் அலறியது. மணலில் வண்டி இறங்கியது. வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக ஒரு கூட்டம் குதித்து ஓடி வந்தது. ஓடிய வேகத்தைச் சொல்ல வேண்டும், குறை சொல்லக் கூடாது. சாவியக்கா பாறைப் பக்கம் கை காட்டிக்கொண்டே கூட ஓடினாள். அவர்கள் அவளைத் தாண்டி, பாறையைத் தாண்டி, விருந்தினர்களின் நாற்காலிகளுக்கு எதிரே பச்சை விரிப்பில் கிடந்த ரப்பர் கடல்நாயைப் போய்ச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நோயாளி ஒன்று கண்டறியப்பட்டது" என்று ஒலிபெருக்கி சொன்னது. விருந்தினர்கள் கை தட்டினார்கள்.

நோயாளி ஒன்றின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். காய்ச்சல் பார்த்தார்கள். காய்ச்சல் இருந்தது, காலையிலேயே எழுதி வைத்திருந்தார்கள். துடுப்பில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார்கள். ரப்பர் பழசு, வயிற்றுப் பக்கம் ஒரு கீறல் இருந்தது. ஏறிய குளுக்கோஸ் அது வழியாக மணலில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் பஞ்சை வைத்து அடைத்தார். அதற்கும் கை தட்டினார்கள்.

கூட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். மையத்தின் விலங்கு மருத்துவர். சாவியக்கா போய் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"டாக்டரம்மா, ஒரு நிமிஷம் வந்து பாரு தாயி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"அக்கா, இன்னிக்கு நான் டாக்டர் இல்ல, மதிப்பீட்டாளர். எதையும் தொடக் கூடாது."

"தொடாத. பாரு போதும்."

பாறைக்குப் பின்னால் ஈர மணலில் கடல்நாய் கிடந்தது. பெரியது, சாம்பல் நிறம், ஒரு காதோரம் பழைய தழும்பு. கண் இரண்டும் பீளை தள்ளி ஒட்டிக்கொண்டிருந்தன. தலையைத் தூக்கப் பார்த்து, முடியாமல், உடம்பு முழுக்கக் குலுங்க இருமியது. கிழட்டு மனுஷன் விடியற்காலையில் இருமுகிற அதே இருமல்.

மருத்துவர் கிட்டே போகவில்லை. நின்ற இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முகத்தில் இருந்த மதிப்பீட்டாளர் இறங்கிப் போனார்.

"அக்கா, இது ஒத்திகை இல்ல."

"அதைத்தானே காலையிலேர்ந்து தொண்டை கிழியச் சொல்லிட்டு இருக்கேன்."

"இதைத் தொட்டீங்களா?"

"இல்ல. இவரு தள்ளு வண்டியில ஏத்தித் தண்ணியில விட்டுடலாமான்னு கேட்டாரு. நான்தான் வேண்டாம்னேன்."

"நல்ல வேளை. தண்ணியில விட்டா நேரா கூட்டத்துக்குத்தான் போகும்." மருத்துவர் கடலைப் பார்த்தாள். தூரத்து மணல் திட்டில் கடல்நாய்கள் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தன. "சாயங்காலம் தண்ணி ஏறினதும் அந்தத் திட்டு முழுகிடும். அத்தனையும் இந்தக் கரைக்குத்தானே வரும்?"

"வேற எங்க போகும். குட்டி போட்ட பருவமாச்சே. குட்டிங்களை வயித்துல அணைச்சுக்கிட்டு, ஒண்ணு மேல ஒண்ணா, இதே இடத்துலதான் படுக்கும். இது கூட அதுல ஒண்ணுதான். வருஷா வருஷம் வரும். என் அறை வாசல் வரைக்கும் வந்து வேடிக்கை பார்த்துட்டுப் போகும்."

"இது நடுவுல படுத்து இருமினா போதும். மூச்சுலயே பரவும். குட்டிங்க தாங்காது." எழுந்து முழங்கால் மணலைத் தட்டினாள். "தண்ணி ஏறுறதுக்குள்ள இதை இங்கேர்ந்து எடுத்துட்டா, மிச்சத்தைக் காப்பாத்தப் பார்க்கலாம். வண்டி இருக்கு, கூண்டு இருக்கு, ஆளுங்க இருக்காங்க. இருங்க, சொல்லிட்டு வர்றேன்."

சாவியக்காவுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. படித்த பிள்ளை, வேலையில் இருக்கிற பிள்ளை, அதுவே சொல்லப் போகிறது. கூடவே ஓடினாள்.

மருத்துவர் சொன்னதை ஒருங்கிணைப்பாளர் கேட்டார். கேட்டுவிட்டு முகம் மலர்ந்தார்.

"அடடா. நம்ம மைய இயக்குநர் வேலையா இது? 'எதிர்பாராத அம்சம் ஒண்ணு வைப்பேன், கண்டுபிடிங்க'ன்னாரு. உசிரோடவே கொண்டாந்துட்டாரா?"

"சார், யாரும் கொண்டு வரல. அது தானா வந்திருக்கு."

"அப்படித்தான் தெரியணும். அதுதான் அவரோட கைவண்ணம்."

விருந்தினர் வரிசையின் நடுவில் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். ஒருங்கிணைப்பாளர் குனிந்து அவர் காதில் சொன்னார். இயக்குநர் புருவத்தை உயர்த்தினார். அவர் எந்த அம்சமும் வைத்திருக்கவில்லை, மறந்துபோயிருந்தார். ஆகவே ஒருங்கிணைப்பாளர்தான் தன்னைக் காப்பாற்ற ஏதோ ஏற்பாடு செய்திருக்கிறார் என்று முடிவு கட்டி, அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். தட்டிக்கொடுத்ததும் ஒருங்கிணைப்பாளருக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. இப்படியாக ஒரு நிஜ நோயை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பரிசாகக் கொடுத்துக்கொண்டார்கள்.

இயக்குநர் விருந்தினர்களோடு பாறைக்குப் பின்னால் வந்தார். கடல்நாய் இருமியது.

"தத்ரூபம்" என்றார் ஒரு விருந்தினர்.

"இருமல் கொஞ்சம் மிகை" என்றார் இன்னொருவர். "நம்ம கையேட்டில் விட்டு விட்டு வரும்னு இருக்கு."

"சார்" என்றாள் மருத்துவர். "இது நிஜமான தொற்று. எனக்குச் சந்தேகமே இல்ல."

இயக்குநர் அவளை வாஞ்சையோடு பார்த்தார். "இதுதான் டாக்டர் நான் எல்லார்கிட்டயும் எதிர்பார்க்கிற உணர்வு. பாருங்க எல்லாரும். கண்ணுல தண்ணி நிக்குது. இந்த ஈடுபாடு எத்தனை பேருக்கு வரும்?"

"சார், மாதிரி எடுத்து அனுப்பலாம். அதுக்காவது அனுமதி குடுங்க. பெட்டி இருக்கே."

ஒருங்கிணைப்பாளர் குறுக்கிட்டார். "பெட்டியில இருக்கிற குப்பியில எல்லாம் சோப்புத் தண்ணி ஊத்தியாச்சு டாக்டர். நோயாளி ஒன்றோட எச்சில்னு ஆய்வகத்துக்குப் போகணுமே. முடிவு கூட வந்துருச்சு."

"சரி, எடுத்துக் கூண்டுலயாவது ஏத்துவோம். ஸ்ட்ரெச்சர் கொண்டு வரச் சொல்லுங்க."

"ஸ்ட்ரெச்சர்ல நோயாளி ஒன்று இருக்கே."

"இறக்கி வைங்க சார்."

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் நோயாளியை இறக்கச் சொல்லும் மருத்துவரை விருந்தினர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு உசிரைக் காப்பாத்த இன்னொரு உசிரைக் கீழே இறக்குறது இந்த மையத்தோட பண்பாடு இல்ல, டாக்டர்" என்றார் இயக்குநர்.

"அது ரப்பர் சார்."

"நீங்களே அப்படி நினைச்சா எப்படி?" அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான். "எத்தனை வருஷமா அதுக்குச் சிகிச்சை பண்றோம். ஒரு தடவை கூட சாகலையே. வேற எந்த மையம் இப்படிச் சொல்ல முடியும்? நோயை எதிர்கொள்றது பெரிசில்லம்மா. நோய் வந்தா நாம கலங்க மாட்டோம்னு நாலு பேர் நம்பணும். அந்த நம்பிக்கை அந்த ஸ்ட்ரெச்சர்ல படுத்திருக்கு. அதைப் போய் இறக்கச் சொல்றீங்க."

சாவியக்காவின் வீட்டுக்காரரான மோட்டார்காரர் முன்னால் வந்தார். "ஐயா, எங்கிட்ட தள்ளு வண்டி இருக்கு. உங்க கூண்டு இருக்கு. நீங்க யாரும் கையை அழுக்காக்க வேண்டாம். எப்படித் தூக்கணும்னு டாக்டரம்மா சொன்னா நான் ஏத்திடறேன்."

"பொதுமக்கள் எத்தனை பேர்னு திட்டத்துல போட்டிருக்கு?" என்று இயக்குநர் கேட்டார்.

"ஒருத்தர் சார். இந்த அம்மா."

"அப்போ இவர் யாரு?"

"நான் இவ வீட்டுக்காரன்."

"திட்டத்துல இல்லையே" என்றார் இயக்குநர். அதோடு மோட்டார்காரர் அங்கே இல்லாமல் போனார்.

வெயில் சாய்ந்தது. கூடாரத்தில் நிறைவு விழா. இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெருமக்களே, இன்றைய ஒத்திகையில் ஓர் உயிர் கூடப் போகவில்லை. நம் தயார்நிலையைக் கண்டு நோயே அஞ்சும் காலம் வந்துவிட்டது. சிலர் கேட்கிறார்கள், நிஜமாகவே நோய் வந்தால் என்ன செய்வீர்கள் என்று. அவர்களுக்கு என் பதில் இதுதான்: நிஜத்துக்காக ஒத்திகையை ஒரு நாளும் நிறுத்த மாட்டோம்."

நீண்ட கைதட்டல். கைதட்டலுக்கு நடுவே பாறைப் பக்கமிருந்து இருமல் கேட்டது. யாரோ "ஒலி அமைப்பு அருமை" என்றார்கள்.

பிறகு, சிறந்த பொதுமக்களுக்கான கோப்பையைப் பெற்றுக்கொள்ள சாவியக்காவை மேடைக்கு அழைத்தார்கள். அவள் கோப்பையை வாங்கவில்லை. ஒலிபெருக்கியை வாங்கினாள். இடுப்புச் சாவிகள் கலகலவென்று ஒலிபெருக்கியில் கேட்டன.

"ஐயா, எல்லாரும் பெரியவங்க. எனக்குப் பேசத் தெரியாது. அந்தப் பாறைக்குப் பின்னால ஒண்ணு சாகக் கிடக்கு. அது நடிப்பு இல்ல. இன்னும் கொஞ்ச நேரத்துல தண்ணி ஏறிடும். குட்டியும் தாயுமா அத்தனையும் வந்து அது பக்கத்துல படுக்கும். வண்டி காலியாத்தான் நிக்குது. எடுத்துட்டுப் போயிடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்."



கூடாரம் எழுந்து நின்று கை தட்டியது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒருங்கிணைப்பாளர் பக்கத்தில் வந்து, "போன வருஷ ஐஸ்காரர் உங்க கிட்ட பிச்சை வாங்கணும்" என்றார். கோப்பையை அவள் கையில் திணித்தார். கோப்பையில் ஒரு கடல்நாய் சிரித்துக்கொண்டிருந்தது.

எல்லாம் பிரித்து ஏற்றினார்கள். கூடாரம், நாற்காலிகள், பச்சை விரிப்பு. நோயாளி ஒன்றைக் கம்பளி போர்த்தி வண்டிக்குள் படுக்க வைத்தார்கள். மருத்துவர் வண்டிப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீயாவது இருந்துட்டுப் போயேம்மா."

"நோயாளியை மையத்துல சேர்த்து, இரவு முழுக்கக் கண்காணிக்கணுமாம் அக்கா. நான்தான் கையெழுத்துப் போடணும்." அவள் சாவியக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. "போய் மேலிடத்துல பேசிப் பார்க்கிறேன். நீங்க கிட்ட போகாதீங்க. கூட்டம் வந்தா விரட்டப் பாருங்க. தட்டு கிட்டு எதையாவது அடிச்சு."

"விரட்டினா போகுமா?"

மருத்துவர் பதில் சொல்வதற்குள் வண்டி நகர்ந்தது. சைரன் போட்டுக்கொண்டே போனார்கள். உள்ளே நோயாளி இருக்கிறதல்லவா.

தண்ணீர் ஏறியது. திட்டு சின்னதாகி, ஒரு கோடாகி, இல்லாமல் போனது. அலைகளுக்கிடையே தலைகள் தெரிந்தன. வழவழவென்று, ஈரமாக, ஒன்று, பிறகு பல.

சாவியக்கா கையில் கிடைத்த தகர வாளியைக் கரண்டியால் அடித்தாள். மோட்டார்காரர் படகுத் துடுப்பால் மரத் தடுப்பறைக் கதவுகளை ஒவ்வொன்றாக அறைந்துகொண்டே ஓடினார். "போ, அந்தப் பக்கம் போ, சனியனே, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், போ."

தலைகள் தண்ணீரில் நின்று பார்த்தன. வருஷக் கணக்காகப் பார்த்துப் பழகிய பொம்பளை இன்றைக்கு என்ன இப்படிக் குதிக்கிறாள் என்கிற மாதிரி. அவள் இந்தப் பக்கம் அடித்தால் அந்தப் பக்கம் ஏறின. அந்தப் பக்கம் ஓடினால் இந்தப் பக்கம். முதலில் ஏறியது ஒரு தாய். பின்னாலேயே, இன்னும் வெள்ளை மயிர் உதிராத குட்டி ஒன்று, மணலில் மூக்கு முட்டி முட்டி வந்தது.

"விடு" என்றார் மோட்டார்காரர். மூச்சு இரைத்தது. "ரெண்டு பேரால கடலையா தடுக்க முடியும்."

"நீங்க அடிங்க. நான் போன் பண்றேன்."

"யாருக்கு?"

"அவங்களுக்குத்தான். வேற யாரு இருக்கா."

மணி வெகுநேரம் அடித்தது. எடுத்தது ஒருங்கிணைப்பாளர். பின்னால் சாப்பாட்டுத் தட்டுகளின் சத்தமும் சிரிப்பும் கேட்டன.

"சார், நான்தான். கரையிலேர்ந்து. கூட்டம் ஏறிடுச்சு சார்."

"அம்மா, ஒத்திகை முடிஞ்சுபோச்சே. நல்லாப் பண்ணினீங்க. போய் ஓய்வெடுங்க."

"சார், இது ஒத்திகை இல்ல. டாக்டரம்மாவைக் கேளுங்க."

"அவங்க நோயாளி கூட இருக்காங்க. இப்ப தொந்தரவு பண்ணக் கூடாது. பாருங்கம்மா, இது ஒத்திகைக்குன்னு வாங்கின எண். நிஜத்துக்கு இதுல பேசக் கூடாது."

"அப்ப நிஜத்துக்கு எந்த எண் சார்?"

"அப்படி ஒண்ணு இதுவரைக்கும் தேவைப்படலையேம்மா" என்றார் ஒருங்கிணைப்பாளர். பொய் சொல்கிற குரல் இல்லை அது.

வாளிச் சத்தம் நின்றிருந்தது. வீட்டுக்காரர் துடுப்பை மணலில் ஊன்றி அதன்மேல் சாய்ந்து நின்றார். தாய் கடல்நாய் பாறையைச் சுற்றிப் போய், எப்போதும் படுக்கிற இடத்தில், எப்போதும் பக்கத்தில் படுக்கிறதை ஒட்டி உடம்பைச் சாய்த்தது. குட்டி இரண்டுக்கும் நடுவே தலையை நுழைத்தது. தழும்புக்காரக் கடல்நாய் கண் திறக்காமலே அதை மோந்து பார்த்தது. அப்புறம் இருமியது.

சாவியக்கா தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சரிங்க சார். இது ஒத்திகைதான். இப்ப வருவீங்களா?"